தெளிய வைத்துப் போனவர்

எங்கள் ஆய்வகத்தின் வடக்கு மூலையில், சன்னல் வெயில் படாத இடமாகப் பார்த்துப் போட்டிருந்த கருங்கல் மேடையில், நான் மாணவனாக நுழைந்த நாள் முதல் நின்றிருந்த ஆண்ட்ரியாசன் சாடி இப்போது அங்கே இல்லை. உடையவில்லை, யாரும் வீசிவிடவும் இல்லை. வேறொரு கருவிக்கு இடம் தேவைப்பட்டபோது அலமாரியின் மேல்தட்டுக்கு ஏற்றினார்கள், அதோடு சரி. செய்தி நமக்கெல்லாம் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது. பொடியைத் தண்ணீரில் விட்டு, அது விழுகிற நேரத்தைக் கொண்டே அதன் பருமனைச் சொல்லிவிடுகிற படிவு ஆய்வு, அதிலும் கதிரியக்கமுள்ள துகள்களுக்கு அது பார்த்துக் கொடுத்த நிதானமான கணக்கு, சத்தமில்லாமல் ஓய்ந்துவிட்டது. அவர் என்றே எழுதுகிறேன். அது என்று எழுதக் கை வரவில்லை.

பழகியவர்களுக்கு அவர் உருவம் மறந்திருக்காது. 550 மில்லி லிட்டர் கொள்ளும் நெட்டைக் கண்ணாடி உடல். பக்கவாட்டில் சுழியத்திலிருந்து 20 சென்டிமீட்டர் வரை பொறித்த கோடுகள். தேய்த்துப் பொருத்திய மூடியைத் துளைத்துக்கொண்டு சுழியக் கோடு வரை இறங்கும் மெல்லிய குழாய். மூடிக்கு மேலே 10 மில்லி லிட்டர் பிடிக்கும் ஒரு குமிழ். அதன் கழுத்தில் இரு பக்கமும் திரும்பும் அடைப்பான். மின்சாரம் கேட்கமாட்டார். பழுது பார்க்க ஆள் வேண்டாம். அவர் கேட்டதெல்லாம் ஆடாத மேடை, மாறாத வெப்பம், பொறுமையுள்ள ஓர் ஆள் என்ற மூன்றுதான்.

அவர் எனக்கு அறிமுகமாவதற்கு வெகுமுன்பே அவருடைய வேலை அறிமுகமாகியிருந்தது. ஐப்பசி மழையில் ஊருணி நிரம்பும்போது செட்டிநாட்டுத் தண்ணீர் செம்மண் கலங்கலாகத்தான் வரும். ஆயா பானையின் உள்பக்கத்தில் தேத்தாங்கொட்டையை வட்டமாக உரைத்துவிட்டு, அந்தத் தண்ணீரை ஊற்றி மூடிவைப்பார். நான் மூடியைத் திறந்து விரலை விட்டு ஆழம் பார்க்கப் போவேன். "தொடாதப்பா, கெடக்கட்டும். ஆட்டாம இருந்தா அதுவாத் தெளியும்" என்பார். மறுநாள் காலையில் மேலே கண்ணாடி போலத் தண்ணீர், அடியில் விரல்கனத்துக்குச் சிவப்புக் குழம்பு. அந்தக் குழம்பைக் கையில் எடுத்துத் தேய்த்தால் அடிப்பக்கம் நறநறவென்றும் மேல்பக்கம் வெண்ணெயாகவும் இருக்கும். பெரியது முதலில், சிறியது கடைசியில் என்று வரிசை மாறாமல் அது படிந்திருந்ததை விரல்தான் எனக்கு முதலில் சொன்னது. எங்கள் பக்கத்துக் கொத்தனார்களுக்கும் இது தெரியும். சுண்ணாம்பை ஊறவைத்து, வடிகட்டி, தெளியவிட்டு, மேலே நிற்கும் நைசான பாலைத்தான் சுவரின் கடைசிப் பூச்சுக்கு எடுப்பார்கள். முட்டை வெண்கருவைச் சேர்த்த பெருமையை எல்லாரும் பேசுகிறார்கள். தெளிய வைத்த பொறுமையை யாரும் பேசுவதில்லை.

ஒரு வித்தியாசம் உண்டு, அதை ஆய்வகத்தில்தான் தெரிந்துகொண்டேன். தேத்தாங்கொட்டை துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துக் கூட்டமாக விழச்செய்யும். நம் சாடியில் கூட்டம் கூடக் கூடாது. கால்கன் என்று நாங்கள் சொன்ன சோடியம் ஹெக்சாமெட்டாபாஸ்பேட்டைக் கரைத்துவிட்டு, ஒவ்வொரு துகளும் தனித்தனியே, தன் சொந்த எடைக்கும் பருமனுக்கும் ஏற்றபடி விழுமாறு செய்வோம். ஆயாவுக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது. எங்களுக்கு அடியில் படிவது வேண்டியிருந்தது.

அவருடைய குலமுதல்வர் கேம்பிரிட்ஜில் இருந்தார். ஊசலின் ஆட்டத்தைக் காற்று எவ்வளவு தடுக்கிறது என்று கணக்குப் போட உட்கார்ந்த ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ், 1851இல் வெளிவந்த தம் நீண்ட கட்டுரையில், நீர்மத்துக்குள் மெல்ல விழும் சிறு கோளத்தின் வேகத்துக்கும் விதி எழுதிவைத்தார். விட்டம் இரு மடங்கானால் வேகம் நான்கு மடங்காகும். கனமான பொருளானால் இன்னும் விரையும். தண்ணீர் சூடானால் அதுவும் விரையும். அந்த விதியை மண்ணுக்குப் பயன்படுத்தியவர்களில் ஸ்வீடனின் ஆட்டர்பெர்க் மூத்தவர். 1922இல் வேல்ஸில் பணியாற்றிய ராபின்சன், குறித்த ஆழத்தில் குறித்த நேரத்தில் பிப்பெட்டால் சிறிது நீரை உறிஞ்சி, உலர்த்தி, நிறுத்துப் பார்க்கும் வழியைக் கொண்டுவந்தார். அந்தப் பத்தாண்டு முடிகிற தறுவாயில் டென்மார்க்கின் ஆண்ட்ரியாசன் சாடியையும் பிப்பெட்டையும் ஒரே உடலாக்கினார். அங்கிருந்து பீங்கான் ஆலைக்கும் சிமென்ட் ஆலைக்கும் பெயின்ட் தொழிற்சாலைக்கும் மண் ஆய்வுக்கூடத்துக்கும் அவர் போனார். நம் நாட்டில் ஐ.எஸ். 2720 என்ற மண் சோதனைத் தர ஏட்டின் நான்காம் பகுதி பிப்பெட் முறைக்குத் தனியிடம் கொடுத்தது.

காரைக்குடிப் பிள்ளைகளுக்கு இப்படிப்பட்ட கண்ணாடிச் சாமான்களைத் தொட்டுப் பார்க்கக் கிடைத்ததற்குப் பின்னால் கோட்டையூர் அழகப்பர் இருக்கிறார். 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அவர் கொடுத்ததால்தான் 1948 ஜூலை 25இல் நேரு இங்கே வந்து மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு அடிக்கல் நாட்டினார். 1953 பொங்கலன்று அது திறக்கப்பட்டது. அழகப்பர் பிறந்த ஆண்டு 1909. அதே ஆண்டில்தான் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட்டைக் கண்டுபிடித்தார். இரண்டுக்கும் தொடர்பில்லை. ஆனால் எங்கள் மேடையில் இரண்டும் சந்தித்துக்கொண்டதாகவே எனக்குத் தோன்றும்.

மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. அந்தக் காலத்தில் ஐரோப்பா அதைத் தேடி வந்தது அணுவுக்காக இல்லை, விளக்குக்காக. கல்யாண ஊர்வலத்தில் தலையில் தூக்கி வந்த பெட்ரோமாக்ஸின் வெள்ளை மேன்டில் ஒளிர்ந்தது தோரியம் ஆக்சைடால்தான். விடுதலைக்குப் பிறகு நோக்கம் மாறியது. 1950இல் இந்திய அருமணல் நிறுவனம் உருவானது. மணல் அணுசக்திச் சொத்தானது. அப்போது எழுந்த கேள்விகள் எளியவை, ஆனால் விடை எளிதில்லை. இந்த மணலில் மோனசைட் எந்தப் பருமனில் கிடக்கிறது? அரைத்த பொடியில் எவ்வளவு நைசாக இருக்கிறது? ஏன் இந்தக் கரையில் மட்டும் இத்தனை சேர்ந்தது?

கடைசிக் கேள்விக்கு விடை நம் சாடியின் உடம்பிலேயே இருந்தது. மோனசைட்டின் அடர்த்தி ஏறக்குறைய 5; சாதாரணக் குவார்ட்ஸ் மணலின் அடர்த்தி 2.65. தண்ணீருக்குள் இரண்டும் தம் எடையில் ஒரு பங்கை இழந்த பிறகு நிற்கிற வித்தியாசம் இன்னும் பெரிது. ஸ்டோக்ஸ் கணக்குப்படி, ஒரு மோனசைட் துகளும் அதைப்போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விட்டமுள்ள குவார்ட்ஸ் துகளும் ஒரே வேகத்தில் விழும். தண்ணீரின் கண்ணுக்கு இரண்டும் ஒன்று. 1933இல் ரூபி என்ற அமெரிக்க நிலவியலாளர் இதை எழுத்தில் வைத்தார். அலை மணலைக் கொண்டுவந்து போடும்போது சிறிய மோனசைட்டும் பெரிய குவார்ட்ஸும் ஒன்றாகப் படிகின்றன. திரும்பும் அலை பெரிய குவார்ட்ஸ் மணியை எளிதில் உருட்டிக்கொண்டு போய்விட, அடியில் ஒளிந்த சின்ன கனத்த மணி நின்றுவிடுகிறது. கன்னியாகுமரிக் கடல் இதைக் காலங்காலமாகச் செய்துகொண்டிருந்தது. நம் சாடி அதையே 20 சென்டிமீட்டருக்குள் செய்து காட்டினார்.

எங்கள் சோதனை நாள் ஒன்றை இங்கே விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இனி யாரும் அதைச் செய்யப்போவதில்லை. கடற்கரை மணல் ஒரு பிடியை அகேட் உரலில் போட்டு மாவாக அரைப்போம், மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு. அதில் 5 கிராம் எடுத்து, கால்கன் கரைசலில் ஊறவிட்டு, சாடியில் ஊற்றி, 20 சென்டிமீட்டர் கோடு வரை தண்ணீர் சேர்த்து, மூடியைப் பிடித்துக்கொண்டு தலைகீழாகவும் நேராகவும் புரட்டிக் கலக்குவோம். மேடையில் வைத்த கணத்தில் ஸ்டாப் வாட்ச் ஓடத் தொடங்கும். பால்போலக் கலங்கிய சாடியையே நான் வெறித்துக்கொண்டிருந்தபோது ஆசிரியர் சொன்னார்: "தம்பி, சாடிய நீ பாத்து ஒண்ணும் ஆகப்போறதில்ல. கடியாரத்தப் பாரு."

குறித்த நேரம் வந்ததும் ரப்பர் குமிழால் மெல்ல உறிஞ்ச வேண்டும். வேகமாக இழுத்தால் சுற்றியுள்ள நீரும் கலங்கிவிடும். வாய் வைத்து உறிஞ்சுவதற்கு எங்கள் ஆய்வகத்தில் என்றைக்கும் அனுமதி இல்லை. குமிழ் நிறைந்ததும் அடைப்பானைத் திருப்பினால் 10 மில்லி லிட்டர் பக்கத்து மூக்கு வழியாகப் பீங்கான் கிண்ணத்தில் இறங்கும். ஒவ்வொரு முறையும் சாடியின் மட்டம் மூன்றரை மில்லிமீட்டர் குறையும்; அதையும் கணக்கில் கழிக்க வேண்டும். 30 டிகிரி வெப்பத்தில், 20 மைக்ரான் குவார்ட்ஸ் துகள் மேலிருந்து சுழியக் கோட்டைத் தாண்ட ஏழரை நிமிடம்கூட ஆகாது. 10 மைக்ரானுக்கு அரை மணி நேரம். 2 மைக்ரானுக்குப் பன்னிரண்டு மணி நேரமும் அதற்கு மேலே இருபது நிமிடமும். ஐரோப்பியப் புத்தகத்தில் போட்டிருந்த அட்டவணை 20 டிகிரிக்கானது; அதன்படி பார்த்தால் பதினைந்தரை மணி நேரம். காரைக்குடி வெயில் எங்களுக்கு மூன்று மணி நேரத் தூக்கத்தைத் திருப்பிக் கொடுத்தது. வெயில் செய்த உபகாரம் என்று வேறெதையும் என்னால் நினைவுகூர முடியவில்லை.

இனி வருவதுதான் அவருடைய தனித் திறமை. கிண்ணத்தை உலர்த்தும் அடுப்பில் வைத்து நீரை வற்றவைத்த பின், மிஞ்சிய பொடியை நிறுப்போம். அதோடு நிற்காமல், அதே கிண்ணத்தைக் கைகர் எண்ணிக்குக் கீழே வைத்து, அது எத்தனை முறை சொடுக்குகிறது என்றும் எண்ணுவோம். தராசு எல்லாத் துகளையும் சேர்த்துச் சொல்லும். எண்ணியோ மோனசைட்டை மட்டும் சொல்லும், குவார்ட்ஸுக்கு அது வாய் திறக்காது. முதல் கிண்ணத்தில் சொடுக்கு விடாமல் கேட்கும். நேரம் ஆக ஆக எடை குறையும். ஆனால் சொடுக்கு எடையைவிட வேகமாகக் குறையும். 2 மைக்ரான் குவார்ட்ஸ் பன்னிரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்கிற தூரத்தை 2 மைக்ரான் மோனசைட் ஐந்து மணி நேரத்தில் கடந்து அடியில் போய் உட்கார்ந்துவிடும். விடியற்காலையில் எடுத்த கிண்ணத்தில் சில மில்லிகிராம் வெள்ளைத் தூசி இருக்கும், ஆனால் எண்ணி வெறும் மேசையை எண்ணுவதுபோல நிதானமாக, எப்போதாவது ஒரு முறை சொடுக்கும். வரைதாளில் இரண்டு வளைவுகளையும் போட்டால் நடுவில் ஓர் இடைவெளி விழும். அந்த இடைவெளியைத்தான் நாங்கள் இரவு முழுக்கக் காத்திருந்து வாங்கினோம்.

ஒரு முறை மின்தடை விலகி, அணைக்க மறந்திருந்த மின்விசிறி நள்ளிரவுக்கு மேல் தானாகச் சுழலத் தொடங்கி, சாடியின் ஒரு பக்கம் மட்டும் குளிர்ந்துபோய், உள்ளே கண்ணுக்குத் தெரியாத ஓட்டம் உண்டாகிப் படிந்தது கிளம்பிவிட்டது. கணக்கு பொருந்தாமல் மூன்று நாள் திண்டாடினேன். தவறு என்னுடையது, அவர் உள்ளதைத்தான் சொல்லியிருந்தார்.

அவருடைய கணக்கு சாடிக்கு வெளியேயும் வாழ்ந்தது. 1954 மார்ச் 1இல் பிகினித் தீவில் அமெரிக்கா வெடிக்கவைத்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல், சில மணி நேரம் கழித்துத் தொலைவில் மீன்பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகின்மேல் வெள்ளைப் பொடியாக விழுந்தது. பவளப்பாறை பொடிந்த சுண்ணாம்பு அது. படகிலிருந்த 23 பேரும் நோயுற்றார்கள். படகின் வானொலிக் கருவியை இயக்கிய குபோயாமா செப்டம்பர் 23இல் இறந்தார். அந்தப் பொடி ஏன் அத்தனை நேரம் கழித்து, அந்த இடத்தில் விழுந்தது என்பது அதன் பருமனிலும் விழும் வேகத்திலும் இருந்த செய்தி. பெருந்துகள் அருகில் விழும். நுண்துகள் மேல்வானில் ஏறி, உலகைச் சுற்றி, யாரோ ஒருவர் வீட்டு மழையில் இறங்கும். குண்டு வெடித்த அடுத்த மாதமே நேரு நாடாளுமன்றத்தில் சோதனைகளை நிறுத்திவைக்கக் கேட்டார். 1956இல் இயற்பியலாளர் டி.எஸ். கோத்தாரியின் தலைமையில் எழுதப்பட்டு, நேருவின் முன்னுரையோடு வந்த அணுவெடிப்பின் விளைவுகள் பற்றிய நூல், இந்தச் சாம்பலின் கணக்கைப் பொதுமக்கள் முன்னால் வைத்தது. 1986இல் செர்னோபில்லிலும் இதுவே நடந்தது. எரிபொருள் துணுக்குகள் உலைக்கு அக்கம்பக்கத்தில் விழுந்தன. ஆவியாகி நுண்துகளில் ஒட்டிய சீசியம் நாடு நாடாகப் போனது. நம் கல்பாக்கத்தில் வேக ஈனுலைக்காக, சோடியம் எரிந்து எழும் புகை, மூடிய கூடத்துக்குள் எவ்வளவு நேரத்தில் படிகிறது என்று ஆராய்ந்தவர்களும் அவருடைய உறவினர்தான். தண்ணீருக்குப் பதில் காற்று, அவ்வளவே.

அவருடைய சரிவு எங்கே தொடங்கியது என்று பார்த்தால், முதலில் கதிரியக்க ஆய்வகங்களில்தான். ஒவ்வொரு சோதனைக்கும் அரை லிட்டருக்கு மேல் கதிரியக்கத் தண்ணீர் கழிவாக மிஞ்சும். புளூட்டோனியம் போன்ற பொருளுக்குக் கையுறைப் பெட்டிக்குள் அத்தனை பெரிய கண்ணாடியைப் புரட்டிக் கலக்குவது யாருக்கும் இதமான வேலை இல்லை. ஒரு மைக்ரானுக்குக் கீழே போனால் துகள்கள் விழுவதை மறந்து நடுங்கிக்கொண்டிருக்கும். அங்கே அவர் சொல் செல்லாது. பிறகு லேசர் வந்தது. 1908இல் குஸ்டாவ் மீ ஒளிச்சிதறலுக்கு எழுதிய கணக்கைக் கணினி நொடியில் போட்டுவிடும். ஒரு சிட்டிகைப் பொடி போதும், ஒரு நிமிடம் போதும். திரையில் அழகான வளைவு வந்து நிற்கிறது. அந்தக் கருவியைக் குறை சொல்ல மாட்டேன். நானும் அதை நன்றியோடு பயன்படுத்தியிருக்கிறேன்; இரவில் வீட்டுக்குப் போய்த் தூங்கியிருக்கிறேன்.

ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. லேசர் துகளைப் பார்க்கிறது. அதன் கனத்தை அறியாது. மோனசைட்டும் குவார்ட்ஸும் கலந்த மாவைக் கொடுத்தால் ஒரே வளைவுதான் தரும். நாங்கள் காத்திருந்து வாங்கிய இடைவெளி அதில் இல்லை. மனித நுரையீரலோ லேசரைப் போலப் பார்ப்பதில்லை. தோரியம் ஆக்சைடின் அடர்த்தி 10. ஒரு மைக்ரான் விட்டமுள்ள அதன் துகள், மூச்சோடு உள்ளே போகும்போது, மூன்று மைக்ரானுக்கும் சற்றுப் பெரிய நீர்த்துளியைப் போல விழும். எங்கே போய்ப் படியும் என்பதை அந்த விழுகைதான் பெரிதும் தீர்மானிக்கும். அதனால்தான் கதிரியக்கப் பாதுகாப்புக்காரர்கள் இன்றும் தூசியின் பருமனைக் காற்றியக்க விட்டம் என்று, விழும் வேகத்தை வைத்தே சொல்கிறார்கள். 1994இல் கதிரியக்கப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஆணையம் பணியிடக் காற்றுக்கு 5 மைக்ரான் என்று வைத்த கணக்கும் அந்த விட்டத்தில்தான். அவர் போய்விட்டார், அவர் பேசிய மொழியில்தான் இன்னும் கணக்கு எழுதுகிறார்கள்.

அவருடைய கடைசி நாட்களில் நான் பக்கத்தில் இல்லை. பணி ஓய்வுக்குப் பிறகு ஒரு வேலையாக ஆய்வகத்துக்குப் போனபோது மேல்தட்டில் பார்த்தேன். மேடையில் லேசர் கருவி சிறு விசிறிச் சத்தத்தோடு ஓடிக்கொண்டிருந்தது. இறக்கித் தரச் சொன்னேன். அங்கிருந்த பெண் முக்காலி போட்டு ஏறி, இரண்டு கையாலும் பிடித்து இறக்கித் தந்து, "என்ன சார் இது, பூ வைக்கிற ஜாடியா?" என்றார். சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பன்னிரண்டு மணி நேரம் என்றபோது மட்டும் சிரித்தார். நானும் சிரித்தேன். உடம்பில் கீறல் இல்லை. சுழியக் கோட்டுக்குக் கீழே ஒரு நூல் கனத்துக்குத் தேன் நிறத்தில் கறை ஒட்டியிருந்தது; யாருடைய சோதனையின் மிச்சமோ. அடைப்பானைத் திருப்பிப் பார்த்தேன், அசையவில்லை. வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றிவைத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி முயன்றேன். அப்போதும் இல்லை. அதற்குமேல் அழுத்தினால் கழுத்து முறிந்துவிடும் என்று விட்டுவிட்டேன்.

இதைப் படிக்கிறவர்களில் யாருடைய கல்லூரி அலமாரியிலாவது, பழைய மண் சோதனைக்கூடத்திலாவது அவருடைய உடன்பிறப்பு ஒருவர் இன்னும் இருக்கலாம். இருந்தால், மூடியையும் அடைப்பானையும் கழற்றிக் கழுவித் துடைத்து, கண்ணாடியும் கண்ணாடியும் உரசும் இடங்களில் கொஞ்சம் வாசலின் தடவி, இடையில் ஒரு துண்டுக் காகிதம் வைத்துத் தனித்தனியே எடுத்துவையுங்கள்.